திகதி கேட்டால் என்ன சொல்வது?

ஆயர் ஈத்தாம் பீங்கான் கடைகளைத் தாண்டி நான் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் மேசை துடைக்கும் தம்பி, இலங்கையின் வன்னியிலிருந்து வந்தவர். கோலாலம்பூரில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் நேர்காணலுக்கு அவருக்கு நாள் குறித்திருந்தார்கள். போவதற்கு முன் என்னிடம் ஒன்று கேட்டார்: “அண்ணை, திகதி கேட்டா என்ன சொல்லுறது? பங்கருக்குள்ள கிடந்த எங்களுக்கு எந்த நாள், எந்தக் கிழமையெண்டு என்ன தெரியும்?”

அவர் நினைவில் நிற்பவை இடங்கள். இறுதிப் போரில், 2009 ஜனவரி 2-இல், கிளிநொச்சி ராணுவத்தின் கைக்குப் போனது. விசுவமடு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன், கடைசியில் முள்ளிவாய்க்கால் என்று சனம் ஒதுங்கிக்கொண்டே போனது. தங்கைக்கு எங்கே காயம் பட்டது, எந்த இடத்தில் கஞ்சிக்கு நின்றார்கள், எந்த மரத்தடியில் சித்தப்பாவைப் புதைத்தார்கள் என்பதையெல்லாம் அவர் பிசகாமல் சொல்கிறார். எந்த மாதம் என்று கேட்டால்தான் தடுமாறுகிறார். அதிகாரியின் படிவத்திலோ தேதிக்குத்தான் கட்டம் இருக்கும். ஒரு முறை மார்ச் என்றவர் அடுத்த முறை ஏப்ரல் என்றால், அவரை நம்பலாமா என்ற கேள்வி கிளம்பிவிடும்.

நினைவு அப்படித்தான் இயங்கும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. உளவியலாளர் ஜேன் ஹெர்லிஹியும் அவருடைய சகாக்களும் பிரிட்டனிலிருந்த கொசோவோ, போஸ்னியா அகதிகளை இரண்டு முறை பேட்டி கண்டு, 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே ஆள் ஒரே சம்பவத்தைச் சொன்னபோதும் விவரங்கள் மாறின. நிகழ்ச்சியின் மையத்தைவிட ஓரத்து விவரங்களே அதிகம் மாறின. விவரம் மாறிவிட்டது என்பதற்காக ஒருவரைப் பொய்யர் என்று முடிவு கட்ட முடியாது. இதை எல்லா நாட்டு அதிகாரிகளும் படித்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

கேட்பவர் நாற்காலியின் பலம் இன்னொரு விதத்திலும் வேலை செய்கிறது. அதிகாரி முன் தலையாட்டுவது நமக்கு ஊறிப்போன பழக்கம். தோட்டத்து ஆபீஸ் வாசலில் கிராணி முன்னால் கைகட்டி நின்ற நம் தாத்தாக்களையும், குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு பதிவிலாகா முகப்புகளில் காத்துக்கிடந்து முதுமை எய்தியவர்களையும் நினைத்துப் பாருங்கள். கேள்வி புரியாவிட்டாலும் “புரியவில்லை” என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. சொன்னால் காரியம் கெட்டுவிடுமோ என்ற பயம். அகதிக்கு அந்தப் பயம் பல மடங்கு. மலேசியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஐ.நா. அட்டை இல்லாதவர் குடிநுழைவுச் சட்டத்தின் கண்ணில் வெறும் சட்டவிரோதக் குடியேறிதான். அட்டை இருந்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. பிடிபட்டவர்களைத் தடுப்பு முகாம்களில் போய்ப் பார்க்க 2019 ஆகஸ்டிலிருந்து ஆணையத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. அறைக்குள் சொல்லும் ஒவ்வொரு பதிலுக்குப் பின்னாலும் இவ்வளவும் நிற்கிறது.

அறைகூட இல்லாமல் நடந்த விசாரணையும் உண்டு. 2014 ஜூலையில் 41 இலங்கையரை ஆஸ்திரேலியா நடுக்கடலிலேயே விசாரித்து, இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்தது. அவர்களில் நால்வர் தமிழர். உயிர் போகுமா, பிழைக்குமா என்ற கேள்விக்குக் கப்பலில் இருந்தபடியே பதில் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்தில் வழக்கறிஞர் இல்லை. யோசித்துச் சொல்ல அவகாசம் இல்லை. இதை நேர்காணல் என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

உண்மையைக் கண்டறியும் கடமை விண்ணப்பதாரருக்கும் விசாரிப்பவருக்கும் பொதுவானது என்று ஐ.நா. ஆணையத்தின் 1979 கையேடே சொல்கிறது. அப்படியானால் “நினைவில்லை என்று சொல்லலாம், கேள்வியைத் திரும்பக் கேட்கலாம், மொழிபெயர்ப்பாளரை மாற்றச் சொல்லலாம்” என்பதை முதல் கேள்விக்கு முன்பே தமிழில், நிதானமாகச் சொல்ல வேண்டும். தேதி வராதவரிடம் இடத்தைக் கேட்க வேண்டும். பதிவு செய்ததைத் திரும்ப வாசித்துக் காட்டி, திருத்தவும் விட வேண்டும்.

மொழிபெயர்க்கப் போகும் நம்மவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜொகூர்த் தமிழ் பேசி வளர்ந்த நமக்கு வன்னிப் பேச்சு எல்லாம் பிடிபடாது. பிடிபடாத இடத்தில் ஊகித்து நிரப்பாதீர்கள். அதிகாரி அவசரப்படுத்தினாலும் நிறுத்தி, சொன்னவரிடமே இன்னொரு முறை கேளுங்கள்.