பஸ்சும் ரயிலும் இருக்க, பழைய சென்னை ஏன் தூரம்?

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். "எங்கேயாவது கூட்டிட்டுப் போப்பா" என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கிவிடும். அப்பா பர்சைப் பார்ப்பார். வாடகைக் கார் என்றால் ஆயிரம், இரண்டாயிரம். ஓட்டல், ஐஸ்கிரீம் என்று அதற்கு மேலே செலவு. "அடுத்த வாரம் பார்க்கலாம்டா" என்று பாயை விரித்துப் படுத்துவிடுவார்.

பாவம், அவர் ஒன்றை மறந்துவிடுகிறார். தினமும் அவர் வேலைக்குப் போகும் அதே மின்சார ரயில், 350 வருஷத்துக்கும் மேலான சரித்திரத்தின் வாசலில் நின்று நின்றுதான் போகிறது! இறங்கத்தான் ஆள் இல்லை.

சேப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி வருகிற யாரையாவது நிறுத்தி, "அது இன்னா கட்டடம் சார்?" என்று கேட்டுப் பாருங்கள். "யாருக்குத் தெரியும்? ஏதோ கவர்மெண்ட் ஆபீஸ்" என்று பதில் வரும். அது 1768-ல் எழுந்த ஆற்காடு நவாப்பின் அரண்மனை. அதில் ஒரு பகுதி 2012-ல் தீப்பிடித்து எரிந்தபோதுதான் "அடடா, இது அரண்மனையா!" என்று பலருக்குத் தெரிந்தது.

ஆளுக்கு ஒரு டிக்கெட்

இத்தனைக்கும் சென்னை சாதாரண ஊர் இல்லை. இந்தியாவிலேயே முதன்முதலாக மின்சார டிராம் ஓடிய ஊர். 1895-ல் தொடங்கி 1953 வரை ஓடியது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டது. ரயில் பாதையை ஒட்டித்தான் ஊரே வளர்ந்தது. அதனால் பழைய இடங்கள் பலவும் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.

கோட்டை ஸ்டேஷனில் இறங்கினால் செயின்ட் ஜார்ஜ் கோட்டை. 1639-ல் இடம் வாங்கி வெள்ளைக்காரன் போட்ட அஸ்திவாரம். உள்ளே 1680-ல் கட்டி முடித்த மேரி மாதா கோவில். ராபர்ட் கிளைவுக்கு 1753-ல் கல்யாணம் நடந்த இடம் அதுதான். தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் வாசலில் சோதனை உண்டு. மற்றபடி போய் வரலாம்.

எழும்பூரில் இறங்கி நடந்தால் அரசு அருங்காட்சியகம். 1851-ல் தொடங்கியது. அங்கே உள்ள சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளையும், அமராவதிச் சிற்பங்களையும் பார்க்க வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வருகிறார்கள். வியாசர்பாடிப் பையன் பெரும்பாலும் தலைவலி மாத்திரைக்கு எழும்பூர் போகிறானே தவிர, மியூசியத்துக்குப் போவதில்லை.

பரங்கிமலையில் இறங்கினால் மலைமேல் 1523-ல் தோன்றிய தோமையார் கோவில். அந்த மலையடிவாரத்திலிருந்துதான் 1802-ல் லாம்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி இந்தியாவை அளக்கச் சங்கிலி போட்டார். அந்த அளவைதான் வடக்கே போய்ப் போய்க் கடைசியில் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தையே சொன்னது!

அடுத்து பல்லாவரம். "அங்கே என்ன இருக்கு, சந்தைதானே?" என்பார்கள். 1863-ல் ராபர்ட் புரூஸ் பூட் என்பவர் கற்கால மனிதனின் கைக்கோடரியை எடுத்தது இந்தப் பல்லாவரத்து மண்ணில்தான். இந்தியாவில் ஆதிமனிதன் வாழ்ந்தான் என்ற ஆராய்ச்சிக்கே அதுதான் பிள்ளையார் சுழி. அந்த ஊர் வழியாக ஆயிரக்கணக்கான பேர் தினமும் செல்போனைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள்.

இவ்வளவுக்கும் ரயில் கட்டணம் எவ்வளவு? ஒரு டீ, ஒரு வடை விலைகூட இல்லை. பஸ் என்றால் சாதாரணக் கட்டண பஸ்சில் பெண்களுக்கு 2021-லிருந்து இலவசம். அம்மாவும் பாட்டியும் காசில்லாமலே வரலாம்.

'பப்' எதற்கு?

லண்டனில் ஊர் சுற்றுகிறவர் பஸ்சில் ஏறுவார். ஒரு பழைய மாளிகையைப் பார்ப்பார். அந்தத் தெருவிலேயே இருக்கும் பழைய 'பப்'பில் உட்கார்ந்து களைப்பாறுவார். கட்டடத்தைப் போலவே அந்தப் 'பப்'பும் சரித்திரம் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

நமக்கு அது எதற்கு? பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணியில் இறங்கி, பார்த்தசாரதியைச் சேவித்து, பக்கத்திலேயே பாரதியார் வாழ்ந்த வீட்டையும் பார்த்துவிட்டு வெளியே வந்தால் 1948-லிருந்து நடக்கும் ரத்னா கபே. சாம்பாரில் மிதக்கும் இட்லி. அடுத்து மயிலாப்பூர் போனால் கபாலி கோவில், குளம், மாட வீதி, மெஸ் சாப்பாடு. வயிறும் நிறையும், மனசும் நிறையும். வீட்டுக்கு வரும்போது யாரும் தள்ளாட வேண்டியதும் இல்லை!

குறை எங்கே?

"சொல்றது சுலபம் சார். குழந்தை குட்டியோட பஸ்சுல ஏறிப் பாருங்க, அப்பத் தெரியும்" என்று ஒரு தாய் கேட்டால் அதிலும் நியாயம் இருக்கிறது.

ஜனங்களுக்கு லீவு கிடைப்பதே ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் மின்சார ரயிலைக் குறைத்து ஓட்டுகிறார்கள்! ஆபீஸ் போகிறவனுக்கு மட்டும்தான் ரயில், குடும்பத்தோடு போகிறவனுக்கு இல்லை என்பது என்ன கணக்கு?

வெள்ளிக்கிழமையில் எழும்பூர் மியூசியத்துக்கும் விடுமுறை, கோட்டை மியூசியத்துக்கும் விடுமுறை. இது தெரியாமல் போய், பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பும் குடும்பங்கள் உண்டு. ஸ்டேஷனிலேயே எழுதி வைத்தால் அந்த அலைச்சல் மிச்சம்.

ஸ்டேஷனிலிருந்து நடக்கும் வழியும் அப்படித்தான். நடைபாதையில் மோட்டார் சைக்கிள் நிற்கும். ஜனங்கள் ரோட்டில் நடப்பார்கள். முதியவர்கள் நாலு எட்டு வைத்தால் உட்கார ஒரு திண்ணை கிடையாது. பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறையைத் தேடுவது பெரும்பாடு.

புதுப் பாலம், புது ரயில் வேண்டாம். கோடி கோடியாகச் செலவும் வேண்டாம். ஸ்டேஷன்தோறும், பஸ் நிறுத்தம்தோறும் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு போர்டு வைக்கட்டும். பக்கத்தில் என்ன பழைய இடம் இருக்கிறது, எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்தக் கிழமை விடுமுறை. இந்த நாலு வரி போதும். நடைபாதையை நடப்பவனுக்கு விடட்டும். ஞாயிறு காலையில் நாலு ரயில் கூட விடட்டும். பள்ளிக்கூடங்களும் சுற்றுலா என்றால் தீம் பார்க் மட்டும் என்று நினைக்காமல், பிள்ளைகளை வரிசையாக ரயிலேற்றி எழும்பூரில் இறக்கட்டும்.

மூர் மார்க்கெட் சொல்லும் பாடம்

இதெல்லாம் பொழுதுபோக்குச் சமாசாரம்தானே என்று அதிகாரிகள் தள்ளிவிடக் கூடாது.

சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட் இருந்தது. பழைய புத்தகத்திலிருந்து கிளி, புறா வரைக்கும் கிடைத்த இடம். ஏழை மாணவர்கள் பலருக்கு அதுதான் லைப்ரரி. 1985-ல் எரிந்து சாம்பலானது. இன்றைக்கு அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம். அரக்கோணம், கும்மிடிப்பூண்டி ரயிலுக்கு ஓடுகிறவர்கள் "மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்" என்ற பெயரை மட்டும் ஒலிபெருக்கியில் கேட்கிறார்கள். அந்த மார்க்கெட் எப்படி இருக்கும் என்று கேட்டால் இளவட்டங்களுக்குத் தெரியாது.

மூர் மார்க்கெட் போனதற்கு இன்றும் சிலர் கண் கலங்குகிறார்கள் என்றால், அவர்கள் அங்கே நடந்தவர்கள், பேரம் பேசியவர்கள். காலே வைக்காத கட்டடத்துக்காக யார் அழுவார்கள்? நாளைக்கு ஒரு பழைய கட்டடத்தை இடிக்க வந்தால், "ஐயோ, எங்கள் இடம்" என்று சொல்ல அந்த ஊர் ஜனங்கள் அதை ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டாமா? கார் வைத்திருப்பவர்கள் மட்டும் பார்த்த சரித்திரம், கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் சொந்தமாகும்.

ரயில் இருக்கிறது. பஸ் இருக்கிறது. கோட்டையும் கோவிலும் அங்கேயே இருக்கின்றன. நடுவில் குறைவது ஒரு போர்டும் ஒரு நடைபாதையும்தான். அதிகாரிகள் மனசு வைப்பார்களா?

அதுவரை, வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த அப்பா பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு ஸ்டேஷனுக்கு நடக்கலாம்.