டிசம்பர்ப் பட்டியலில் இடம்பெறாத கிறித்தவர்

குளிர்கால விடுமுறை நெருங்கியதும் தில்லியின் பல்கலைக்கழக வளாகங்களில் ஆண்டுதோறும் ஒரே பட்டியல் சுற்றுக்கு வருகிறது: கிறிஸ்துமஸ் காலத்தில் காணவேண்டிய படங்கள். 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்', 'மிரக்கிள் ஆன் தர்ட்டி ஃபோர்த் ஸ்ட்ரீட்', 'ஹோம் அலோன்', 'லவ் ஆக்சுவலி'. குறும்புக்காக 'டை ஹார்ட்'. பகிர்வோர் சாதாரணர் அல்லர். பிரதிகளின் பின்னே அதிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்று வகுப்பறையில் விளக்குவோரும், அதையே ஆய்வேடாக எழுதுவோரும்தாம். 1987இல் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய இராமாயணத் தொடர் ஒரு பொதுப்புத்தியை எவ்வாறு உருவாக்கிற்று என்று நாற்பது பக்கம் எழுதத் தெரிந்தவர்கள், இந்தப் பட்டியலை மட்டும் இயற்கையாய் விளைந்த இரசனை என்று ஏற்றுக்கொள்கின்றனர்.

அது இயற்கையாய் விளைந்ததன்று. ஃபிராங்க் காப்ராவின் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' 1946இல் வெளிவந்தபோது முதலீட்டைக்கூட மீட்கவில்லை. 1974இல் அதன் பதிப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறினர். கட்டணமின்றிக் கிடைத்த படத்தை அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின, ஒரு தலைமுறை அதைக் கண்டே வளர்ந்தது, செவ்வியல் பிறந்தது. 'மிரக்கிள்' 1947இன் கோடையில் திரைக்கு வந்த படம். கோடையில்தான் கூட்டம் வரும் என்று கருதிய நிறுவனம், அது கிறிஸ்துமஸ் கதை என்பதையே விளம்பரத்தில் மறைத்தது. 'டை ஹார்ட்' வந்தது 1988 ஜூலையில். எழுத்தரின் மறதியும் வணிகரின் கணக்கும் சேர்ந்து சமைத்த ஒரு வழக்கம், தில்லியின் மூடுபனிக்குள் வந்து சேரும்போது 'பண்பாடு' என்று பெயர் பெறுகிறது.

இளைப்பாறப் பார்க்கும் படத்துக்கும் ஆய்வுக் கண்ணாடி அணிய வேண்டுமா என்று கேட்கப்படும். வேண்டியதில்லை. இரஜாய்க்குள் புதைந்துகொண்டு 'ஹோம் அலோன்' பார்ப்பதில் குற்றம் ஏதுமில்லை. அது நல்ல நகைச்சுவைப் படம். ஆனால் 'கிறிஸ்துமஸ் படம்' என்ற தலைப்பின்கீழ் இந்நாட்டுக் கிறித்தவர் ஒருவர்கூட நினைவுக்கு வராமல் போவது இளைப்பாறல் அன்று. கோல் தாக்கானா அருகிலுள்ள திரு இருதயப் பேராலயத்தில் டிசம்பர் 24 இரவு திரள்வோரிலும், இந்நகரின் ஆலயங்களில் தமிழ் வழிபாட்டுக்கு வரும் செவிலியர், அரசு ஊழியர் குடும்பங்களிலும் எவரும் அப்பட்டியலின் கற்பனையில் இல்லை. அங்கே கிறிஸ்துமஸ் என்பது பனி, கம்பளிச் சட்டை, இலண்டன் விமான நிலையம்.

இந்தித் திரைத்தொழிலில் 'கிறிஸ்துமஸ் படம்' என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு: வெளியீட்டுத் தேதி. 'தாரே ஜமீன் பர்' (2007), 'கஜினி' (2008), '3 இடியட்ஸ்' (2009), 'பீகே' (2014), 'தங்கல்' (2016) ஆகிய அனைத்தும் ஆமிர் கான் அவ்வாரத்தைத் தமதாக்கிக்கொண்டதன் வரலாறு. இவற்றின் கதைகளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் தொடர்பில்லை. விடுமுறை வேண்டும்; விழா வேண்டாம். இவற்றுள் 'பீகே' தனித்துக் கருதத்தக்கது. பெரும்பகுதி தில்லியில் நிகழும் அக்கதையில், நாயகன் தேங்காயும் பூசைத் தட்டும் ஏந்தித் தேவாலயத்துள் நுழைந்து விரட்டப்படுவான், அரங்கம் சிரிக்கும். படம் வெளியானது 2014 டிசம்பர் 19. அம்மாதம் முதல் தேதியன்று அதே நகரின் தில்ஷாத் கார்டனில் புனித செபஸ்தியார் ஆலயம் தீக்கிரையாகியிருந்தது. விசாரணை கேட்டுக் கிறித்தவர்கள் தெருவில் நின்றனர். அதே மாதத்தில் டிசம்பர் 25 'நல்லாட்சி நாள்' என்றும் ஆயிற்று. திரைக்குள் தேவாலயம் நகைச்சுவை. திரைக்கு வெளியே கரி. இவ்விரண்டையும் சேர்த்து எழுதுவதற்கு ஒரு கட்டுரையளவு பொருள் இருந்தது. அந்த ஆண்டும் பட்டியலே பகிரப்பட்டது.

தமிழின் நிலை மேலானதன்று. 'ஞானசௌந்தரி' (1948), 'அன்னை வேளாங்கண்ணி' (1971) போன்றவை அற்புதங்களின் படங்கள். 'மின்சார கனவு' (1997) தந்த 'அன்பென்ற மழையிலே' கல்லூரிக் கிறிஸ்துமஸ் விழாக்களின் பாடலாயிற்று. படத்தின் கிறித்தவமோ கன்னிமடமும் வெண்ணிற உடையும் மெழுகுவர்த்தியுமாக நின்றது. 'மெரி கிறிஸ்துமஸ்' இந்தியிலும் தமிழிலும் எடுக்கப்பட்டு 2023 டிசம்பருக்கென அறிவிக்கப்பட்டது. வெளியானது 2024 ஜனவரி 12 அன்று, பொங்கலுக்கு. கதையும் பிரெஞ்சு நாவலிலிருந்து வந்தது. ஸ்ரீராம் ராகவனின் கைத்திறனில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வாசலில் நட்சத்திரம் கட்டி, குடில் அமைத்து, அச்சுமுறுக்கு சுட்டு, நள்ளிரவில் கேரல் பாடிக்கொண்டு வீடு வீடாகச் செல்லும் ஒரு நெல்லைச் சிற்றூரின் கிறிஸ்துமஸ் இரவை மையமாகக் கொண்டு நினைவில் நிற்கும் தமிழ்ப்படம் எது? பெத்லகேமையும் எருசலேமையும் தமிழ்த் திணைக்குள் கொணர்ந்து 3615 பாடல்களில் வீரமாமுனிவர் தேம்பாவணி பாடி ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆகின்றன. இலக்கியம் செய்து முடித்ததைத் திரை இன்னும் தொடங்கவில்லை.

தொடங்கினால் இன்பமான காட்சிகள் மட்டும் வரமாட்டா என்பதும் ஒரு காரணமாகலாம். கேரல் குழு எந்தத் தெரு வரை போகும், எந்தத் தெருவில் திரும்பும் என்று காட்ட வேண்டிவரும். திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கென எழுப்பிய சுவரைக் காட்ட வேண்டிவரும். பாமாவின் 'கருக்கு' (1992) திறந்த கதவு அது. 1950ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதிகள் ஆணை கிறித்தவத் தலித்துகளை விலக்கியதைப் பற்றித் தில்லியில் கருத்தரங்குகள் நடக்கின்றன. அவற்றில் பேசுவோரின் டிசம்பர்க் கற்பனையில் அம்மக்கள் இல்லை.

பட்டியலில் ஒரே ஒரு படம் சேர்க்க இடமிருப்பின் அது அபர்ணா சென்னின் '36 சௌரங்கி லேன்' (1981). கல்கத்தாவில் தனித்து வாழும் ஆங்கிலோ-இந்திய ஆசிரியை வயலட் ஸ்டோன்ஹாம். ஜெனிஃபர் கெண்டல் நடித்தார். அவருடைய பழைய மாணவியும் அவள் காதலனும் அவரோடு நட்பாகின்றனர். அவன் எழுத்தாளன், எழுதுவதற்கு அமைதியான இடம் வேண்டும் என்கிறான். பகலில் அவர் பள்ளிக்குச் சென்றிருக்கும் நேரத்தில் வீட்டைத் தருகிறார். எழுத்து நடக்கவில்லை, காதல் நடக்கிறது. திருமணமான பின் அவர்களுக்கு அந்த வீடு தேவைப்படவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஊரில் இருக்கமாட்டோம் என்று பொய் சொல்கின்றனர். அதை நம்பிய வயலட், அவர்கள் திரும்பி வந்ததும் மகிழட்டும் என்று தம் கையால் செய்த கேக்கோடு அவ்வீட்டுக்குச் செல்கிறார். உள்ளே விருந்து நடக்கிறது. இசையும் சிரிப்பும் வெளியே கேட்கின்றன. சன்னல் வழியே கண்டுவிட்டு, வெறிச்சோடிய தெருவில் லியர் மன்னனின் வசனத்தைச் சொல்லியவாறு நடக்கிறார். பின்னால் ஒரு தெருநாய்.

கிறித்தவப் பெண்ணைப் புறத்தே நிறுத்திவிட்டுக் கிறிஸ்துமஸ் கொண்டாடும் அந்த வீடு மதவெறியர் வீடன்று. படித்தவர் வீடு, நல்ல இசைத்தட்டுகளும் தாராளச் சிந்தனையும் உள்ள வீடு. தில்லியின் ஆசிரியர் குடியிருப்பிலோ முனிர்க்காவின் மாடியறையிலோ அதே விருந்து இன்றும் நடைபெறலாம். மரமும் கேக்கும் வேண்டும், விழாவுக்கு உரியவர் வேண்டாம் என்ற ஏற்பாட்டை இவ்வளவு துல்லியமாக வேறொரு இந்தியப் படம் பதிவு செய்ததில்லை. அதற்கு ஆறாண்டு முன் வந்த 'ஜூலி'யைப் போல, இயந்திர ஓட்டுநரின் மகளைக் கண்டு இரங்கிக் கண்ணீர் விட்டபடி வெளியேறும் வசதியையும் அது பார்வையாளருக்குத் தருவதில்லை.

வளாகத் திரைப்படக் கழகங்கள் இவ்வாண்டு அதைத் திரையிடலாம். ஓடும் நேரம் ஏறத்தாழ இரண்டு மணி. உரையாடல் பெரும்பாலும் ஆங்கிலம். துணைத்தலைப்பு கூடத் தேவைப்படாது.