தவறிய தேதிகளும் தோண்டப்படும் குழிகளும்

கென்யாவின் கிலிஃபி மாவட்டத்தில், ஷகஹோலா காட்டுக்குள் 2023 ஏப்ரலில் மண்ணைத் தோண்டத் தொடங்கினார்கள். 400க்கும் மேற்பட்ட உடல்கள் எடுக்கப்பட்டன. பலர் பட்டினியால் செத்தவர்கள். குழந்தைகளும் அவர்களில் உண்டு. உலக முடிவு வந்துவிட்டது, உண்ணாமல் உயிர்விட்டால் இயேசுவைச் சந்திக்கலாம் என்று பால் மெக்கென்சி என்ற போதகர் தம் சபையாரை நம்பவைத்தார் என்கிறது அரசுத் தரப்பு. குற்றச்சாட்டுகளை அவர் மறுத்திருக்கிறார். 2025இல் அதே மாவட்டத்தின் பின்சாரோவில் மறுபடியும் புதைகுழிகள் தோண்டப்பட்டன. இதற்குப் பிறகும் உலக முடிவு பற்றிய ஆரூடங்களை யாரோ சிலரின் பேதைமை என்று விட்டுவிட முடியாது.

நாள் குறிப்பதைவிட, குறித்த நாள் பொய்த்த பின் நடப்பதே நம்மை அதிகம் அஞ்சவைக்க வேண்டும். உகாண்டாவின் கனுங்குவில் இயங்கிய ஒரு கூட்டம் 1999 டிசம்பர் 31 அன்று உலகம் முடியும் என்றது. நம்பியவர்கள் சொத்தை விற்றுத் தலைவர்களிடம் கொடுத்தார்கள். புத்தாண்டு வழக்கம்போல் விடிந்தது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டுக் குரல்கள் எழுந்தன. தலைவர்களோ புதுத் தேதி சொன்னார்கள். 2000 மார்ச் 17 அன்று அவர்களது கோயில் கூடம் தீப்பற்றி நூற்றுக்கணக்கானோர் கருகினர். கூட்டுத் தற்கொலை என்றே முதலில் எண்ணிய காவல்துறை, அந்தக் கூட்டத்தின் வேறு இடங்களிலும் புதைக்கப்பட்ட சடலங்களைக் கண்டதும் இது கொலை என்றது.

தென்கொரியாவில் லீ ஜாங் ரிம் என்ற போதகர் 1992 அக்டோபர் 28 அன்று பரிசுத்தவான்கள் வானுக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்றார். வேலையை விட்டவர்கள், வீட்டை விற்றவர்கள் எத்தனையோ பேர். காணிக்கைப் பணத்தில் அவர் வாங்கிவைத்த கடன்பத்திரங்கள் முதிர்வதோ 1993இல்! மோசடிக்காகச் சிறை சென்றார். அமெரிக்க வானொலிப் போதகர் ஹரால்ட் கேம்பிங் 1994இல் உலகம் முடியும் என்றார், அது பொய்த்தது. 2011 மே 21 என்றார், பிறகு அக்டோபர் 21 என்றார். தாம் செய்தது பாவம் என்று 2012இல் ஒப்புக்கொண்டார். அதற்குள் சேமிப்பை விளம்பரப் பலகைகளில் கொட்டியவர்கள் கொட்டிவிட்டிருந்தார்கள்.

இரண்டாம் வருகையை நம்புவது கிறிஸ்தவ விசுவாசத்தின் பகுதி. அந்த எதிர்பார்ப்புக்குத் தேதி போட்டு ஏழைகளின் நிலத்தையும் உயிரையும் வாங்குவது வேறு. கர்த்தரின் பேரால் சொன்னது நிறைவேறாவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல என்று உபாகமம் 18ஆம் அதிகாரம் தெளிவாகவே விதிக்கிறது. இந்த அளவுகோலை அனுதினமும் வேதம் வாசிக்கும் சபைகள் ஏன் கையில் எடுப்பதில்லை? ஊழியக்காரரை விமர்சிக்கக் கூடாது என்ற பயமே காரணம் என்று நினைக்கிறோம். அந்தப் பயம் கள்ளத்தீர்க்கதரிசிக்குத்தான் காவல் நிற்கிறது.

தீர்க்கதரிசனம் பொய்த்தால், அதைச் சொன்னவர் அதே மேடையில் நின்று பொய்த்தது என்று அறிக்கையிட வேண்டும். வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அதுவரை எந்தச் சபையும் அவருக்குப் பிரசங்க பீடம் கொடுக்கக் கூடாது.

அரசுக்கும் பொறுப்பு உண்டு. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாததன் தொடர்பில் மெக்கென்சி 2017இலேயே கைதானவர். 2023 மார்ச்சில் இரண்டு குழந்தைகளின் சாவு தொடர்பாகப் பிடிபட்டும் பிணையில் வெளிவந்தார். அடுத்த மாதமே குழிகள் வெளிப்பட்டன. பள்ளிக்கூடம் வேண்டாம், மருத்துவர் வேண்டாம், சொத்தை விற்றுவிடு என்று ஒரு போதகர் சொல்வது உங்கள் காதில் விழுந்தால், அவர் குறிக்கும் தேதி வரை காத்திருக்காதீர்கள். அன்றே காவல் நிலையத்தில் சொல்லுங்கள்.