வீட்டுக்கு அடுத்த கேமரா: புதியதா, நடுங்காததா?



வாப்பா மவ்த்தாவதற்கு முந்தைய ரமலானில், அஸருக்குப் பின் திண்ணையில் அமர்ந்து தம் இளமைக்கால வணிகப் பயணங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவைக் கையில் பிடித்தபடியே கால் மணி நேரம் பதிவு செய்தேன். குரல் தெளிவாக இருக்கிறது. படமோ அலையில் அகப்பட்ட தோணியைப் போல ஆடுகிறது. இன்று அதைத் திரையில் ஓடவிட்டால், உம்மா கண்களை மூடிக்கொண்டு கேட்கிறார்கள். பார்த்தால் தலை சுற்றுகிறதாம்.

இவ்வாண்டு குடும்பத்தில் ஒரு நிக்காஹ் நெருங்கியபோது, பெண்கள் பகுதியைத் தானே படமெடுப்பதாக மகள் முன்வந்தாள். அந்நிய ஆடவர் ஒருவர் கேமராவுடன் பெண்களிடையே நடமாடுவதும், அப்படங்கள் அவருடைய கணினியில் காலமெல்லாம் தங்கிவிடுவதும் பேணுதலான குடும்பங்களை நெடுநாளாக உறுத்திவரும் செய்தி. ஆகவே அவளுடைய கோரிக்கை எனக்கு நியாயமாகவே பட்டது. (புகைப்படம் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனை இங்கு நான் தீர்க்க வரவில்லை. எடுப்பது என்று முடிவு செய்த வீடுகளுக்காகவே எழுதுகிறேன்.)

கடைக்காரர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது சோனி இஸட்வி-இ10, கேனான் ஆர்50 போன்ற புதிய மிரர்லெஸ் கேமராக்களை. இரண்டும் நல்லவை, முகத்தைப் பின்தொடர்ந்து குவியம் பிடிப்பதில் வல்லவை. ஆனால் இரண்டிலும் சென்சாரை அசைத்து நடுக்கத்தைச் சமன்செய்யும் அமைப்பு கிடையாது. விளம்பரத்தில் காணப்படும் நிலைப்படுத்தல் மின்னணு முறையிலானது. அது படத்தின் விளிம்புகளை வெட்டி, எஞ்சிய பகுதியை நகர்த்தி ஆட்டத்தை மறைக்கிறது. வெட்டிய அளவுக்குக் காட்சி குறுகும். சிறிய மண்டபத்தில் சுவரோரம் ஒதுங்கி நின்று எடுக்கும் பெண்ணுக்கு அந்த இழப்பு சிறியதன்று. தவிர, மின்னணு முறை வீடியோவுக்கு மட்டுமே. புகைப்படத்திற்கு அது உதவாது.

லென்ஸுக்குள்ளேயே நிலைப்படுத்தல் இருப்பது இரண்டாவது வகை. அது இரண்டுக்கும் பயன்படும்; எனினும் அந்த லென்ஸைக் கழற்றினால் அதுவும் உடன் போய்விடும். மங்கிய ஒளிக்கு நாம் வாங்கக்கூடிய மலிவான எஃப் 1.8 லென்ஸ்கள் பலவற்றில் அது இருப்பதில்லை. மூன்றாவது, பாடிக்குள் சென்சாரே அசைந்து கொடுப்பது. எந்த லென்ஸை மாட்டினாலும், பழைய மலிவு லென்ஸானாலும், அதன் பயன் கிட்டும். இதனால்தான், நிலைப்படுத்தல் இல்லாத புதிய பாடியைவிட, அது உள்ள சில ஆண்டு பழைய பாடியே நம் போன்ற குடும்பங்களுக்கு ஏற்றது என்கிறேன்.

2020இல் வந்த ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்-எஸ்10, இரண்டாம் கையில் தேடத் தகுந்தது. 26 மெகாபிக்சல், பாடிக்குள் நிலைப்படுத்தல், மின்கலத்துடன் 465 கிராம் எடை. இன்னும் குறைந்த செலவில் வேண்டுமெனில் 2016இல் வந்த பானாசோனிக் ஜி85. 16 மெகாபிக்சல்தான், ஆல்பத்துக்கு அது தாராளம். அதன் நிலைப்படுத்தல் இன்றும் மெச்சத்தக்கது. ஆயின் வீடியோவில் தானியங்கிக் குவியம் அவ்வப்போது தடுமாறும் என்பதை மறைக்கலாகாது. இரண்டிலும் வெளி மைக் செருகும் துளை உண்டு. ஒலிம்பஸ் இ-எம்10 வரிசை நன்றாக நிலைப்படுத்தினாலும் அந்தத் துளை இல்லாதது. பயான் பதிவுக்கு அது பெருங்குறை.

எந்த நிலைப்படுத்தலும் நடைக்குலுக்கலை முழுமையாகப் போக்காது. நின்று எடுங்கள். மண்டப விளக்குகள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரிவதால், நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 என வைத்தால் காட்சியில் பட்டைபட்டையான மினுமினுப்பு பெரும்பாலும் வராது. பகல் வெளிச்சத்தில் பிள்ளைகள் விளையாடுவதை எடுப்பது மட்டுமே தேவையெனில், கையிலுள்ள நல்ல கைபேசியே போதும். அப்படிப்பட்டவர்கள் எதையும் வாங்க வேண்டாம்.

பணம் பற்றிய பேச்சு இதைவிட முக்கியமானது. செலவழிப்பதில் வீண்விரயமும் கஞ்சத்தனமும் அற்ற நடுநிலையை அல்-ஃபுர்கான் அத்தியாயத்தின் 67ஆம் வசனம் அர்-ரஹ்மானின் அடியார்களுடைய பண்பாகச் சொல்கிறது. நாமோ 'வட்டியில்லாத் தவணை' என்ற பலகையைக் கண்டதும் நடுநிலையை மறந்துவிடுகிறோம். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே இல்லை என்றும், கடன் அட்டைத் தவணைகளில் வட்டி பெரும்பாலும் செயலாக்கக் கட்டணமாக உருமாறி வாடிக்கையாளர் தலையில் விழுகிறது என்றும் 2013இல் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. இன்றைய அட்டைத் தவணைகளிலும் வங்கி வட்டி கணக்கிடுகிறது. கடை அதைத் தள்ளுபடியாகக் காட்டுகிறது. அந்த வட்டியின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்கிறது. மாத அறிக்கையில் 'வட்டி' என்ற சொல்லையே அச்சிட்டு அனுப்புகிறார்கள். நிக்காஹ்வைப் படமெடுக்க வட்டியை வீட்டுக்குள் அழைப்பானேன்? ஒரே விலை பேசி, கூடுதல் ஏதுமின்றித் தவணையில் தரும் உள்ளூர்க் கடைக்காரர் கிடைத்தால் அது வேறு. கிடைக்காவிட்டால், சேர்த்து வைத்து ஓராண்டு கழித்து வாங்குவதால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை.

பழையதை வாங்குவோர் துளையை எஃப் 16க்குச் சுருக்கி வெறும் வானத்தை எடுத்துப் பாருங்கள். சென்சாரில் படிந்த தூசியும் கறையும் புள்ளிகளாகத் தெரியும். அணைத்த நிலையில் மெல்ல ஆட்டும்போது உள்ளே ஏதோ அசையும் ஓசை கேட்டால் பதற வேண்டாம். இத்தகைய பாடிகள் பலவற்றில் அது இயல்பு. இயக்கியபின் காட்சி வெட்டி வெட்டி இழுத்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை படர்வது வழக்கம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைப்பது நல்லது. அதை நான் காலம் கடந்தே கற்றேன். எங்கள் பழைய கேமராவை விற்க முனைந்தபோது அதன் லென்ஸில் சிலந்தி வலை போலப் பூஞ்சை இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தாலன்றித் தெரியாது. வாங்க வந்த இளைஞர் டார்ச் அடிக்கவில்லை. குறையை மறைத்து விற்பது ஏமாற்று என்பதை எந்த மதரஸாப் பிள்ளையும் அறியும். நானே டார்ச்சை எடுத்துக் காட்டினேன். லென்ஸை விட்டுவிட்டு, பாடியை மட்டும் பாதி விலைக்கு வாங்கிச் சென்றார். மீதித் தொகை சேர இன்னும் இரண்டு மாதம் ஆகும். நிக்காஹ்வுக்கு மூன்று மாதம் இருக்கிறது.