குடம்புளி மாத்திரையும் லாபவேட்டையும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் குடம்புளி, கேரள மீன்குழம்பில் சேரும் எளிய பொருள். அதன் சாற்றை மாத்திரையாக்கி, எடை குறையுமெனக் கூறிப் பெருவிலைக்கு விற்கிறது மூலதனம்.

135 பேரிடம் 12 வாரம் நடத்தப்பட்டு, 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வு, வெற்று மாத்திரை உண்டோரைவிட இதை உண்டோருக்குக் குறிப்பிடத்தக்க எடைக்குறைவு இல்லையெனக் கண்டது. கல்லீரல் பாதிப்புகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

உடல் பருமனுக்குத் தீர்வென மருந்துகளை விளம்பரப்படுத்துவதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மருந்தல்ல, துணை உணவு என்று பெயர்சூட்டி விற்பனையாளர்கள் நழுவுகின்றனர். பெயர் மாறினால் ஏமாற்று மாறிவிடுமா?

ஓய்வற்ற வேலைநேரமும் மலிவான பொட்டலத் தீனியும் பெருக்கிய நோயை மாத்திரை தீர்க்காது. பயனை நிரூபிக்காத எதையும் விற்க அனுமதிக்கலாகாது. ஒன்றிய அரசு சட்டத்தின் ஓட்டையை உடனே அடைக்க வேண்டும்.