மலையைக் கேட்டுப் புறப்படுக

தல்லாகுளத்தில் என் வீட்டு மாடியில் நின்று நோக்கினால், வானம் தெளிந்த காலையில் யானைமலை தோன்றும். அஃது ஒரு பெரும் கற்பாறை. அதனைக் கண்டுகொண்டே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குறிஞ்சித்திணையை வகுப்பிற் கற்பித்தேன். அருவியையும் வரையாட்டையும் சொல்லிற் கண்டேனேயன்றிக் கண்ணாற் கண்டிலேன். குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 மலர்களின் பெயர்களையும் தடையின்றி ஒப்பிப்பேன்; அவற்றைக் கொடியிலும் செடியிலும் வைத்துக் காட்டினால் பாதியைக்கூட அறியேன். இக்குறை தீர, ஐம்பது வயதைக் கடந்தபின், மூணாற்றை அடுத்துள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவிற்கு மாணவர் இருபதின்மருடன் செல்ல எண்ணினேன்.

மாசித் திங்களில் மூன்று நாள் விடுமுறை வாய்த்தது. வண்டி அமர்த்தினோம், புளியோதரை கட்டினோம். உசிலம்பட்டி, தேனி, போடி வழியாகச் சென்று, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் மூவர் வாந்தியெடுக்க, மூணாற்றை அடைந்தோம். மறுநாட் காலை பூங்காவின் வாயில் அடைத்திருந்தது. “வரையாடுகள் குட்டி ஈனும் காலம் ஐயா, ஏப்ரலில் வாருங்கள்” என்றார் காவலர். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தனர். குறை காவலருடையதன்று, வண்டியையும் உணவையும் பற்றிப் பத்துப் பேரிடம் கேட்ட யான், மலையைப் பற்றி ஒருவரிடமும் கேட்டிலேன்.

மலைப்பயணம் செல்வோர் தம் விடுமுறையை முதலிற் பார்த்தல் கூடாது. அம்மலையில் ஆண்டு எவ்வாறு நடக்கின்றது என்பதை அறிந்த பின்னரே தம் நாட்காட்டியைப் புரட்டுதல் வேண்டும் என்பது அன்றுதொட்டு என் கருத்து.

இரவிகுளத்தில் அவ்வாண்டு நடக்கும் முறை இது. சங்கப் புலவர் வருடை என்று வழங்கிய வரையாடு மழைக்காலத்தில் இணைசேர்ந்து, பனிக்காலம் கழியும்போது குட்டி ஈனும். பெரும்பாலும் ஒரே குட்டிதான். அதனால் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களிற் பொதுவாகப் பூங்காவை மூடிவிடுவர். உலகிலேயே வரையாடுகள் மிகுதியாக ஒருங்கு வாழும் இடம் இதுவே. சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. நம் தல்லாகுளத்தில் ஆடிக்காற்றிற் புழுதி பறக்கும் அதே நாளில் அங்கே அடைமழை பெய்யும். மேகத்தின் நீரை அம்மலைத்தொடரே வாங்கிக்கொள்வதால் நமக்குக் காற்று மட்டுமே மிஞ்சுகின்றது. மதுரைக்காரர் பலர் இதனை மறந்து குடையும் இன்றிப் புறப்படுவர். மார்கழி, தையிற் புல்லின்மேற் பனி உறையும் இரவுகளும் உண்டு.

“பிள்ளைகளுக்கு மே மாதத்திலன்றோ விடுமுறை?” என்பீர்கள். உண்மைதான், அப்பொழுது வாயிலும் திறந்திருக்கும். ஆனால் சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொள்ளத் தல்லாகுளத்திற் கூடும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூணாற்றுச் சாலை அந்நாளில் ஏறத்தாழ அவ்வாறு இருக்கும். யானாயின் காலாண்டுத் தேர்வு விடுமுறையைத் தேர்வேன். மழை தணிந்து புல் பசுமையாக நிற்கும், கூட்டமும் குறைவு. சனி, ஞாயிறு தவிர்த்து, நுழைவுச்சீட்டை முன்னரே பதிந்துகொள்ளல் நலம். சொந்த வண்டி உள்ளே செல்லாது. வனத்துறைப் பேருந்திலேயே இராசமலைக்கு ஏறல் வேண்டும். 2695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியை அங்கிருந்து காணலாம், ஏற விடமாட்டார்கள். அதற்கு வருந்துவோரும் உளர். யான் அவருள் ஒருவன் அல்லன்.

இரண்டே நாள் உள்ளவர், அணை, அருவி, தேயிலைத் தோட்டம், படகு என்று பத்து இடங்களைப் பட்டியலிட்டு வண்டிக்குள்ளேயே பயணத்தைக் கழிப்பதைக் காண்கின்றேன். அவர் கண்டது முன்னே செல்லும் வண்டியின் பின்புறம். ஒரு முற்பகல் முழுவதையும் இராசமலைக்கே தருக. பாறையோரம் பேசாது நின்றால் வரையாடு தானே அருகில் வரும். அதற்குத் தின்பண்டம் நீட்டுதல் பிழை. நம் கையை நோக்கி வாழப் பழகிய விலங்கு மலைக்குரியதாகாது.

அவ்விடத்தின் வரலாறும் அறியத்தக்கது. தேயிலைத் தோட்டத்துரைமார் வேட்டைக்காடாக வைத்துக் காத்த நிலம் அது. 1975இற் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். அம்மலைகளில் நெடுங்காலமாக வாழ்பவர் முதுவர். தம் முன்னோர் மதுரையிலிருந்து மீனாட்சியம்மை திருவுருவை முதுகிற் சுமந்து மலையேறியவர் என்பது அவர் வழிவழிக் கூறும் செய்தி. பெயர்க்காரணமும் அதுவே என்பர். இலக்கணத்திற்கு அஃது ஒக்குமோ ஒவ்வாதோ, இங்கு ஆராயேன். நம்மூரார் என்று எண்ணி அவரிடம் வழி கேட்டுப் பாருங்கள்.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி அங்கே 2006இற் பூத்தது. யான் அறியாமலே போயிற்று. 2018ஐ எண்ணிக் காத்திருந்தேன். அவ்வாண்டு ஆகஸ்டிற் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது; மூணாற்றுச் சாலைகள் சரிந்தன. வீடிழந்தோர் தவிக்கும் ஊருக்குப் பூப்பார்க்கப் போக மனம் ஒப்பவில்லை. பூத்த செடி விதையுதிர்த்து மடியும். ஆகவே பூவைப் பறிப்பவர் பன்னிரண்டு ஆண்டுக்குப் பின்வரும் செடியையும் சேர்த்தே பறிக்கின்றார்.

அடுத்த பூப்பு 2030இல். எனக்கு அப்பொழுது எழுபத்திரண்டு நடக்கும். என் பேரன் பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பான். காலாண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே புறப்படுவதென்று இருவரும் உறுதி செய்துள்ளோம். போடிமெட்டு வளைவுகளில் முன்னிருக்கை யாருக்கு என்பது மட்டும் இன்னும் தீரவில்லை.