இரண்டு மாத்திரைகள் இரட்டைப் பாதுகாப்பு ஆகா

புறநோயாளர் பிரிவுக்கு வருவோர் மேசைமீது வைக்கும் மருந்துப் பையை நாங்கள் பிரித்துப் பார்ப்பதுண்டு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் ஒழுங்கற்ற இதயத் துடிப்பு உடையவர்களின் பையில் வார்ஃபரினோ அபிக்ஸபானோ இருக்கும். சிலரது பையில், ஆண்டுகளுக்கு முன் ஸ்டென்ட் பொருத்தியபோது தொடங்கிய ஆஸ்பிரினும் உடன் இருக்கும். “இரண்டும் இரத்தம் உறையாமல் காப்பவைதாமே, இருந்துவிட்டுப் போகட்டும்” என்பார்கள். அப்படி விட்டுவிடக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

இவ்விரண்டும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. துடிப்பு ஒழுங்கிழந்தால் இதயத்தின் மேலறையில் இரத்தம் தேங்கி உறையக்கூடும். அக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் உண்டாகும். இந்நோயில் அதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கு கூடுகிறது. வார்ஃபரின், அபிக்ஸபான் போன்றவை அதைத் தடுக்கின்றன. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுத்து, ஸ்டென்ட் அடைபடாமல் காக்கின்றன. இருவகை மருந்துகளும் சேரும்போது சிறு புண்ணிலிருந்தும் இரத்தம் எளிதில் நிற்பதில்லை. வயிற்றிலோ மூளையிலோ கசிவு நேர்ந்தால் அது உயிருக்கே கேடாகலாம்.

ஸ்டென்ட் பொருத்திய தொடக்க மாதங்களில் இச்சேர்க்கை தேவைதான். ஆனால் ஓராண்டு கடந்து, இதயக் குழாய் நோய் நிலையாக உள்ளவர்களில் பெரும்பாலோர்க்கு உறைவுத் தடுப்பு மருந்து ஒன்றே போதும். ஜப்பானில் 2,200-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ‘அஃபயர்’ ஆய்வில், ரிவரொக்ஸபான் மட்டும் உட்கொண்டோரைவிடத் தட்டணுத் தடுப்பு மருந்தையும் சேர்த்து உட்கொண்டோரிடம் கடும் இரத்தப்போக்கும் இறப்பும் மிகுந்திருந்தன. அதனால் அந்த ஆய்வே முன்கூட்டி நிறுத்தப்பட்டது.

இதில் மருத்துவர்களாகிய எங்கள் பிழையும் உண்டு. மாத்திரையைத் தொடங்கும் நாளை எழுதும் நாங்கள், நிறுத்தும் நாளை எழுதத் தவறிவிடுகிறோம். ஒருவர் எழுதியதை நிறுத்த மற்றவர் தயங்குகிறோம். இடையில் நோயாளி பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கிக்கொண்டே இருக்கிறார்.

ஆகவே, அடுத்த முறை வரும்போது எல்லா மருந்துகளையும் கொண்டுவாருங்கள். “இந்த மாத்திரை எதற்கு? எதுவரை?” என்று கேளுங்கள். அவ்வாறு கேட்பது மரியாதைக் குறைவு அன்று. பதில் சொல்வது எங்கள் கடமை. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றைக் கடையில் தாமாக வாங்கி உண்பதும் இரத்தப்போக்கு அபாயத்தைக் கூட்டும் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். மலம் கறுத்துப் போனாலோ, சிறுநீரில் இரத்தம் கண்டாலோ, திடீரென்று கடும் தலைவலி வந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தேவையானதை நிறுத்துவது, தேவையற்றதைத் தொடர்வதைப் போலவே ஆபத்தானது. எதை விடுவது என்பதை நாம் சேர்ந்தே முடிவு செய்வோம்.